பிடிக்கிறவர் கையைக் கேட்டு வாங்குங்கள்

ஹட்டன் நகரில் சின்ன மெசின்கள் திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். தண்ணீர்ப் பம்பி, மருந்தடிக்கும் டாங்கி, மரம் அறுக்கும் வாள், புல்லு வெட்டும் மெசின் எல்லாம் வரும். கடையில் மாதாமாதம் முதலில் தீர்ந்துபோகிற சாமான் ஸ்பார்க் பிளக் என்று நினைப்பீர்கள். இல்லை, கைப்பிடிக்கு மேல் மாட்டும் ரப்பர் உறைதான். கறுப்பிலும் சிவப்பிலும் வருகிறது. விரல் பதிவதற்கென்று வரிசையாகப் பள்ளம் வைத்திருக்கும். புல்லு மெசின் பிடிக்கும் இளைஞர்கள் வாங்கிப் போகிறார்கள், சொந்தக் காசில். மெசின் தோட்டத்துடையது, பெட்ரோல் தோட்டத்துடையது, உறை மட்டும் தொழிலாளியுடையது. எழுத்தில் இல்லாத இந்த ஏற்பாடு டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தாலும் மாறுவதில்லை.

கேட்கிற விதமும் ஒன்றுதான். "பாஸ் அண்ணே, நல்லா மெத்துனு இருக்கிறதா ஒன்னு குடுங்க. சாயந்தரமானா கை மருத்துப் போகுது."

இந்த உறை அந்த மரமரப்பை நிறுத்தாது என்று சொல்லித்தான் விற்கிறேன். சொன்னாலும் வாங்குகிறார்கள். வேறு எதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். ஆனால் அதை வாங்க வேண்டியவர் அவர்கள் இல்லை, தோட்டம். ஆகவே கையில் இருக்கிற காசுக்குக் கிடைக்கிற ஆறுதலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள்.

விஷயம் இதுதான். புல்லு மெசினின் எஞ்சின் வேலை நேரத்தில் நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்குக் கிட்டத்தட்ட 117 உதறல். மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஏறுவது அதுதான். கைப்பிடிக்கு மேல் போடும் மெல்லிய மெத்து ரப்பர் இந்த வேகத்து உதறலைப் பெரிதாகத் தடுக்காது. இதைவிடப் பல மடங்கு வேகமான, தோலில் கூசுகிற மாதிரியான அதிர்வை அது குறைக்கும். கனமான உதறலை அப்படியே கடத்தும், சில வேளை கூட்டியும் கொடுக்கும். கடையில் நின்று அமுக்கிப் பார்க்கும்போது மெத்தென்று இருப்பதை வைத்து வாங்குகிறோம். அமுக்கினால் அமுங்குவது வேறு, உதறலை மறிப்பது வேறு.

உதறலை மறிப்பதற்கு மெசினைச் செய்தவனே இடம் வைத்திருக்கிறான். இரண்டு பக்கமும் விரிந்த ஹேண்டில் நீளக் குழாயோடு சேரும் கிளாம்புக்குள்ளே கெட்டியான ரப்பர் குட்டைகள் இருக்கும். எஞ்சினும் குழாயும் சேரும் இடத்திலும் அப்படி ஒன்று உண்டு. விலை கூடிய மெசின்களில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். எஞ்சினின் உதறலைவிட மிக மெதுவாக ஆடும்படி அளவு பார்த்துச் செய்த ரப்பர் அது. அதனால்தான் உதறலில் பெரும்பகுதி கைக்கு வராமல் அங்கேயே அடங்குகிறது. பெட்ரோலும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயும் சிந்திச் சிந்தி, மழையிலும் வெயிலிலும் கிடந்து, அது ஊதும், வெடிக்கும், கடைசியில் பிய்யும்.

பிய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றுவதில்லை. கிளாம்பை இன்னும் இரண்டு சுற்று இறுக்குவார்கள். அப்புறமும் ஆடினால் தகரத்தை மடித்துச் சொருகுவார்கள். கடைக்கு வந்த ஒரு மெசினில் ஹேண்டிலைக் குழாயோடு சேர்த்து வெல்டிங்கே பிடித்திருந்தது. ஆட்டம் நின்றுவிட்டது, உண்மைதான். கொஞ்சமும் ஆடாத ஹேண்டில் எஞ்சினுக்குள் நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல் கைக்குக் கொடுத்துவிடும். அந்த வெல்டிங்குக்கு மேலேதான் பளபளவென்று சிவப்பு உறை போட்டிருந்தார் அந்தத் தம்பி.

பிளேட்டையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக் கிரைண்டரில் தீட்டும்போது அவசரத்தில் ஒரு பக்கப் பல் கூடத் தேய்ந்துவிடும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்த பிளேட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றினால் எப்படி ஆடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நடு ஓட்டையில் ஒரு ஆணியைக் கொடுத்துத் தொங்கவிட்டாலே எந்தப் பக்கம் பாரம் என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. தங்கூசி நூல் போட்டு வெட்டுகிறவர்களிடமும் இதே கதை: ஒரு நுனி நீளம், மற்றது கட்டை. இந்த இரண்டையும் சரி செய்தால் வராத உதறலை, சரி செய்யாமல் விட்டு, உறை போட்டு மறிக்கப் பார்க்கிறோம்.

உறை உதவாமல் போவது மட்டுமல்ல, கெடுதலும் செய்கிறது. முழுக் கையால் பிடிக்கிற ஒரு பிடிக்கு 30 முதல் 40 மில்லிமீட்டர் வரையான குறுக்களவு தோதானது. ஏற்கனவே அந்த அளவில் இருக்கிற கைப்பிடிக்கு மேல் உறை, அதற்கு மேல் சைக்கிள் டியூப் என்று சுற்றினால், சின்னக் கை உள்ளவரின் விரல் சரியாக வளைந்து பிடிக்காது. வளையாத விரல் நழுவாமல் இருக்க இன்னும் இறுக்கும். இறுக்க இறுக்க உதறல் கூடுதலாகக் கைக்குள் இறங்கும். பஞ்சு ரப்பரானால் மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். கொஞ்ச நாளில் உள்துளை தளர்ந்து, குழாயைச் சுற்றி உறை உருளத் தொடங்கும். சரிவான மலையில், கால் வழுக்குகிற இடத்தில், உருளுகிற பிடியோடு சுழல்கிற பிளேட்டைத் தூக்கிப் பிடிப்பது என்றால் என்ன என்பதைக் கொழும்பில் கொள்வனவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருநாள் வந்து பார்க்கலாம்.

இத்தனை மெசின்கள் மலைக்கு எப்படி வந்தன என்பது பழைய கதையுமில்லை. களைக்கு மருந்தடிப்பதே வழக்கமாக இருந்தது. 2015 இல் கிளைபோசேட் என்ற களை மருந்துக்குத் தடை வந்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021 இல் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் ஒரேயடியாக இறக்குமதித் தடை போட்டு, அதே ஆண்டு முடிவதற்குள் பின்வாங்கினார்கள். ஒவ்வொரு தடைக்கும் புல் வளர்ந்தது, ஒவ்வொரு புல்லுக்கும் மெசின் வந்தது. சுரண்டியும் மண்வெட்டியும் பிடிக்க ஆள் குறைந்துபோனதும் காரணம். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். மருந்து நஞ்சா இல்லையா என்று நாடு முழுக்க விவாதித்தது. மருந்துக்குப் பதிலாக வந்த மெசின் அதைப் பிடிக்கிற கைக்கு என்ன செய்யும் என்று அந்த விவாதத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கை என்ன ஆகும் என்பது உலகம் அறிந்த விஷயம். குளிரில் விரல் வெளுத்துப்போகும் நிலையை மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862 இலேயே எழுதினார். காற்று அழுத்தச் சுத்தியல் பிடிக்கிறவர்களுக்கும் அது வருவதை 1911 இல் இத்தாலியில் ஜியோவானி லொரிகா கவனித்தார். 1918 இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பெட்ஃபர்ட் என்ற ஊரில் சுண்ணாம்புக் கல் செதுக்குகிறவர்களை மருத்துவர் அலிஸ் ஹமில்டன் போய்ப் பார்த்தார். அதிர்கிற கருவியை அழுத்திப் பிடித்த விரல்கள்தான் வெளுத்து உணர்விழந்தன, அதுவும் குளிர்ந்த காலை நேரங்களில். கருவியின் உதறலும், இறுக்கிப் பிடிப்பதும், குளிரும் ஒன்றாகச் சேர்ந்தால் வருகிற வினை இது. பிரித்தானியா 1985 இல் இதைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

அந்த மூன்றும் ஒன்றாகச் சேருகிற இடம் இலங்கையில் உண்டென்றால் அது நம்முடைய மலைதான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஆண்டு முழுவதற்கும் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான். தை மாசி இரவுகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதைப் பத்திரிகைகள் படத்தோடு போடுகின்றன. அந்தக் கருகிய கொழுந்துக்கு நட்டக் கணக்கு உண்டு. அதே காலையில் ஆறரை மணிக்குப் பெரட்டுக்களத்தில் நின்று மெசினைத் தோளில் மாட்டுகிறவருடைய விரலுக்குக் கணக்கு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் ஒரு வரம்பு வைத்தது. எட்டு மணி நேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வு 2.5 என்ற அளவை எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 ஐத் தாண்டக் கூடாது. அலகு, நொடிக்கு நொடி மீட்டரில் அளக்கும் முடுக்கம். எண்ணை மறந்தாலும் பரவாயில்லை, அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிர்வு இரண்டு மடங்கானால், பிடிக்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையாது, கால்வாசியாகக் குறையும். 5 இல் எட்டு மணி நேரம் என்றால் 10 இல் இரண்டே மணி நேரம். பிய்ந்த ரப்பர் குட்டையும் சாய்ந்த பிளேட்டும் சேர்ந்து உதறலை இரட்டிப்பாக்கினால், பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னாலேயே அந்த ஆளுடைய அன்றைய அளவு முடிந்துவிடுகிறது. அவர் முழு நாள் பேர் போடுவதற்கு அதற்குப் பிறகும் வெட்ட வேண்டும்.

இந்தக் கைப்பிடி விவகாரத்தை உலகத்திலேயே அதிகம் பேசியவர்கள் யார் தெரியுமா? துப்பாக்கிக்காரர்கள். நான் துப்பாக்கி பிடித்தவனல்ல. இயந்திரச் சாமான் பற்றி எது கிடைத்தாலும் வாசிக்கிற பழக்கத்தில் இதையும் வாசித்தேன். நம்முடைய மலைக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. 1900 இல் இங்கே தோட்டத்துரைமார் சேர்ந்து இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை என்று ஒன்று அமைத்தார்கள். முதலாம் உலகப் போருக்கு இங்கிருந்து எகிப்துக்குப் போய், 1915 இல் கலிப்பொலியிலும் நின்றார்கள். அந்தக் காலத்துப் பிரித்தானிய அதிகாரி தன் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். படையின் தோட்டா அதில் பொருந்தினால் போதும், எந்தப் பிடி, எந்த எடை என்பது அவர் விருப்பம். பெரும்பாலும் வெப்லி ரிவால்வர்; .455 அங்குலக் கனத்த குண்டு, உதையும் அதற்கேற்ற மாதிரி. அதே 1915 இல் வெப்லியின் ஆறாவது மாதிரி வந்தபோது, அதுவரை கீழே வளைந்து குறுகியிருந்த பிடியை மாற்றிச் சதுரமாக, அகலமாக வைத்தார்கள்.

1955 இல் அமெரிக்காவில் .44 மேக்னம் வந்தது. அதன் உதை பெயர்பெற்றது. தொழிற்சாலை கொடுத்த மரப் பிடி கைக்குப் பிடிக்கவில்லை என்று பலர் வெளிச்சந்தையில் வேறு பிடி வாங்கி மாட்டினார்கள். பாக்மயர் போன்றவர்களின் ரப்பர் பிடிகள் அப்படித்தான் புகழ்பெற்றன. அதிலும் எத்தனை கோளாறுகள்! அழகுக்காக மெல்லிய, வழவழப்பான மரத்தை மாட்டினால் சுடும்போது துப்பாக்கி உள்ளங்கையில் சுழன்று, விசைக்காப்பு வளையம் நடுவிரல் மொழியில் வந்து இடிக்கும். ரப்பர் பிடியாக இருந்தும் பின்முதுகு இரும்பை மூடாமல் விட்டிருந்தால், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான சதையில் அந்த இரும்பே அடிக்கும். முழுக்க மூடிய தடித்த ரப்பரானால் உதை மெத்தென்றாகும், ஆனால் சின்னக் கைக்காரரின் விரல் விசைக்கு எட்டாது. விரல் பள்ளம் வைத்த பிடி யாரோ ஒருவருடைய கைக்கு அளந்தது. மற்றவருக்குப் பள்ளத்தில் விரல் விழாது, மேட்டில்தான் விழும். நாலு பெட்டித் தோட்டா சுட்டதும் உதையில் ஆணி தளர்ந்து பிடியே ஆடும். 2003 இல் .500 மேக்னம் வந்தபோது, பின்முதுகை மூடிய மெத்து ரப்பர் பிடியோடுதான் தொழிற்சாலையே வெளியே விட்டது. ஐம்பது வருடமாக வாங்கியவர்கள் திட்டியது வீண்போகவில்லை.

துப்பாக்கிக்காரருடைய பேச்சு எடுபட்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. காசு கொடுக்கிற கையும் உதை வாங்குகிற கையும் ஒரே கை. வலித்தால் அடுத்த தடவை வேறு வாங்குவார், வேறு வாங்கினால் செய்கிறவன் காதில் விழும். நாலு தோட்டா சுடுகிற பொழுதுபோக்குக்காரருக்கு இத்தனை வகைப் பிடி இருக்கிறது. நாளெல்லாம் நொடிக்கு நூறு தடவை உதை வாங்குகிற தொழிலாளிக்கு என் கடையில் இரண்டு நிறம் இருக்கிறது.

தோட்டத்திலும் ஒரு கருவிக்கு மட்டும் இந்த வழி இருந்தது: கவ்வாத்துக் கத்தி. இரும்பைத் தோட்டம் கொடுத்தாலும் பிடியை வெட்டுகிறவரே போட்டுக்கொள்வார். கொய்யாக் கொம்பு பார்த்து வெட்டி, காயவைத்து, கண்ணாடித் துண்டால் சீவி, நுனியில் ஒரு குமிழ் விட்டு, வீச்சில் கை நழுவாதபடி செய்வார். அடுத்தவர் கத்தியைக் கேட்டால் தரமாட்டார். கஞ்சத்தனம் என்பார்கள், அது இல்லை. அந்தப் பிடி அவருடைய உள்ளங்கைக்கு அளந்தது, இன்னொருவர் கையில் வெட்டும் சரியாக விழாது, செடியும் சிதையும். கவ்வாத்துக்காரர்களைக் கர்வம் பிடித்தவர்கள் என்று லயத்தில் கேலி செய்வதுண்டு. பிடியைத் தாமே தீர்மானித்தவர்களுக்கு அந்தக் கர்வம் இருக்கலாம் என்பது என் கட்சி.

அதற்கு நேர்மாறு கொழுந்து வெட்டும் கத்தரி. கை குறைந்த தோட்டங்களில் இது பரவுகிறது. நமக்கு முந்தியே நீலகிரியிலும் வால்பாறையிலும் பெண்கள் இதைப் பிடிக்கிறார்கள். வெட்டுகிற அலகோடு ஒரு தட்டு, கொழுந்து விழுவதற்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு கையும் மூடித் திறக்க வேண்டும், தட்டின் பாரம் ஒரு பக்கம் இழுக்கும். எஞ்சின் உதறல் இதில் இல்லை. ஆனால் அலகு மோதி மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த அடி மணிக்கட்டுக்கு வரும். நல்ல கத்தரியில் அலகு மூடும் இடத்தில் அடி தாங்கும் ரப்பர் துண்டு ஒன்று இருக்கும். அது சின்னது, சீக்கிரம் விழுந்துவிடும், விழுந்ததை யாரும் தேடுவதில்லை. பிடியின் பிளாஸ்டிக் உறை கொழுந்துப் பாலிலும் மழையிலும் கழன்றுவிடும். அக்காமார் பழைய சீலைத் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள். ஈரமான துணி கனக்கும், உள்ளங்கையை உரசிப் புண்ணாக்கும். "கொழுந்து வருது தம்பி, கைதான் வர மாட்டேங்குது" என்று ஒரு அக்கா கடையில் வைத்துச் சொன்னார். கத்தரியைத் தீட்டத்தான் கொண்டுவந்திருந்தார். அந்த ரப்பர் துண்டை நான் லாரி டியூபில் வெட்டிப் போட்டுக் கொடுத்தேன். தீட்டுக் கூலியைத் தோட்டம் கொடுக்கும், ரப்பருக்குக் கொடுக்காது. ஏனென்றால் அது பட்டியலில் இல்லை.

பட்டியலில் இல்லை என்ற இந்தச் சொல்லை நான் எல்லா இடத்திலும் கேட்கிறேன். சம்பளம் பட்டியலில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 2021 மார்ச்சில் சம்பளச் சபை நாளொன்றுக்கு 1,000 ரூபா என்று தீர்மானித்தது. தொழிற்சங்கங்களுக்கும் கம்பனிகளுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் அத்தோடு முறிந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. ஒவ்வொரு ரூபாவுக்கும் நாம் தெருவில் நின்றிருக்கிறோம், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கூட்டு ஒப்பந்தம் முறிந்ததில் போனது சம்பள விவகாரம் மட்டுமல்ல. வேலை நிபந்தனைகளை, கருவிகளை, நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்பதை உட்கார்ந்து பேசுவதற்கு இருந்த மேசையும் போய்விட்டது. சம்பளச் சபையில் ரூபாவைப் பேசலாம், ரப்பர் குட்டையைப் பேச முடியாது.

சட்டமும் நம்மை வாசலில் நிறுத்துகிறது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஸ்டோருக்குள் செல்லும். ரோலருக்குக் காப்பு இருக்கிறதா, பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வரலாம். கொழுந்து ஸ்டோர் வாசலைத் தாண்டியதும் அதற்குப் பாதுகாப்பு. அதைப் பறித்த கை மலையில் நிற்கும்வரை அந்தச் சட்டம் எட்டாது. வெட்டுப்பட்டால் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். இரத்தம் தெரியும், சாட்சி இருக்கும். மரத்துப்போன விரலுக்கு எந்தத் தேதி, எந்த மலை, எந்த மெசின் என்று எழுதுவது? தோட்ட மருந்துச்சாலையில் தைலம் கொடுத்து அனுப்புவார்கள். வயசாகிறது என்பார்கள், இருபத்தைந்து வயதுப் பையனிடம்.

கம்பனிகளின் பக்கத்து நியாயத்தையும் நான் கேட்டிருக்கிறேன். கடைக்கு வருகிற ஒரு சின்னதுரை, நல்ல மனிதர், சொன்னார்: "ஒரிஜினல் சாமான் போட்டாலும் இவங்க ஒரு மாசத்தில் உடைச்சிடுறாங்க பாஸ்." உடைகிறது என்பது பொய்யல்ல. ஒரே மெசினை இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்று கொடுத்தால் யாரும் அதைத் தன்னுடையதாகப் பார்க்க மாட்டார்கள். கொந்தரப்புக்குச் சொந்த மெசினில் வெட்டுகிற பையன்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள்தான் என்னிடம் உறையைக் கேட்காமல் ரப்பர் குட்டையைக் கேட்டு வாங்குகிறார்கள். பிளேட்டை ஆணியில் தொங்கவிட்டுப் பார்ப்பதும் அவர்களே. அவர்களுக்கு அறிவு கூட என்று இல்லை. வாங்குகிற கையும் பிடிக்கிற கையும் அங்கே ஒன்றாகிவிட்டது. ஆகவே அந்தச் சின்னதுரைக்கு நான் சொன்ன பதில்: மெசினுக்கு ஆளைப் பேர் சொல்லிக் கொடுங்கள், ஆளுக்குச் சாமானைக் கொடுங்கள், பிறகு உடைகிறதா என்று பார்ப்போம்.

நான் கேட்பது பெரிய காரியம் எதுவுமில்லை. மெசின் வாங்குவதற்கு முன்னால், கொழும்பில் விலைமனு பார்க்கும்போதே, அதைப் பிடிக்கப் போகிற நாலு பேர் கையில் கொடுத்து ஒருநாள் வெட்டச் சொல்லுங்கள். மெசினோடு வருகிற கையேட்டில் அதிர்வு அளவு அச்சிட்டிருந்தால், விலைக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதுங்கள். ரப்பர் குட்டையையும் கத்தரியின் அடி தாங்கும் துண்டையும் தோட்டத்து உதிரிப்பாகப் பட்டியலில் சேருங்கள், எண்ணெயும் பிளக்கும் இருக்கிற அதே தாளில். காலையில் ஒருவர் வெட்டினால் பிற்பகலில் மாற்றிக்கொள்ள இன்னொருவர் வேண்டும். பனிக் காலையில் முதல் ஒரு மணி நேரம் மெசினை எடுக்காமல் வேறு வேலை கொடுக்கலாம், வெயில் ஏறட்டும். இதற்கெல்லாம் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை, ஒரு துரை நினைத்தால் நாளைக் காலைப் பெரட்டில் சொல்லிவிடலாம்.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925 இல் தொடங்கியது, இப்போது நூறு வயதைத் தாண்டிவிட்டது. கொழுந்து வெட்டும் கத்தரியை வடிவமைத்த அனுபவமும் அவர்களுக்கு உண்டு. எந்தக் கத்தரி எத்தனை கிலோ பறிக்கிறது, கொழுந்தின் தரம் எப்படி என்று அளக்கிறார்கள். அதே மேசையில், பறிக்கிறவரின் கையகலத்தையும் ஒரு தடவை அளக்கட்டும். மலையகப் பெண்ணின் கைக்குப் பிடி எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஒரு எண் கிடைத்துவிட்டால், என்னைப் போன்றவன் கூட அந்த அளவுக்குப் பிடி செய்து கொடுக்க முடியும். தொழில் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவனம் என்று ஒன்றை 2009 இல் சட்டம் போட்டு நிறுவினார்கள். அதிர்வு அளக்கும் கருவியோடு அவர்கள் ஒருநாள் ஏதாவது ஒரு மலைக்கு வரட்டும். புல்லு மெசினுக்கு நான் பெட்ரோல் ஊற்றித் தருகிறேன்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒன்று. அடுத்த தடவை கம்பனிக்காரர்களோடு உட்காரும்போது, ரூபாக் கணக்கு எழுதிய கோப்போடு பிய்ந்துபோன ரப்பர் குட்டை ஒன்றையும் மேசையில் வையுங்கள். வேண்டுமானால் என் கடைக்கு ஆள் அனுப்புங்கள், ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. புதிதாக ஒரு ஜோடி ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைவு. தோட்டங்கள் மொத்தமாக எடுத்தால் இன்னும் குறைத்துத் தருவேன். பில்லை மட்டும் தோட்டத்தின் பேரில் போடுவேன்.